மஞ்சள் வீழ்படிவைத் தந்த பெர்சீலியஸ்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோதே எனக்குத் தெரியும், ஹாஸ்டல் சாம்பாரையும், ஸ்ட்ரைக்கையும், மாணவர் தேர்தலையும் பற்றி எழுத ஏகப்பட்ட பேர் வரிசையில் நிற்பார்கள் என்று. அதனால் நான் நம் கெமிஸ்ட்ரி லேபுக்குள் நுழைந்துகொள்கிறேன். அங்கேயும் என் கதையைச் சொல்லப் போவதில்லை. ஒரு ஸ்வீடன்காரருடைய கதையைச் சொல்லப் போகிறேன்.

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவர்கள் மட்டுமல்ல, அலைடு கெமிஸ்ட்ரி என்று ஒரு வருஷம் ஒப்பேற்றிய பிசிக்ஸ், ஜுவாலஜி நண்பர்களும் சால்ட் அனாலிசிஸை மறந்திருக்க மாட்டார்கள். அதில் பாஸ்பேட் டெஸ்ட் ஒன்று உண்டு. உப்புக் கரைசலில் அடர் நைட்ரிக் அமிலம் விட்டு, அம்மோனியம் மாலிப்டேட்டைச் சேர்த்து, லேசாகச் சூடு காட்டினால் குழாயின் அடியில் கானரி மஞ்சளாக ஒரு வீழ்படிவு இறங்கும். பரீட்சை அன்று அந்த மஞ்சளைக் கண்டவன் முகத்தில் வரும் களையே தனி. சுற்றி நிற்பவர்கள் பார்த்துப் பொறாமைப்படுவார்கள்.

அந்த மஞ்சள் பொருளைத் தயாரித்து 1826-இல் எழுதி வைத்தவர் யோன்ஸ் யாக்கோப் பெர்சீலியஸ். ஒன்பது வருஷம் கழித்து, கேட்டலிசிஸ், அதாவது வினையூக்கம் என்ற சொல்லை உண்டாக்கியவரும் இதே மனிதர்தான். இரண்டும் அவர் கையால் நடந்தவை. ஆனால் ஒன்றுக்கும் மற்றதற்கும் உறவு உண்டு என்பது தெரியாமலே அவர் போய்ச் சேர்ந்தார். ஆல்கஹாலை எரித்துவிடாமல், வேண்டிய இடத்தில் நிறுத்தி ஆக்சிஜனேற்றம் செய்யும் உலோக ஆக்சைடுக் கொத்துகள் என்று இன்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு மூத்த பிள்ளை அந்த மஞ்சள்தான்.

பெர்சீலியஸ் 1779 ஆகஸ்ட் 20-ஆம் தேதி தென் ஸ்வீடனில் வேவர்சுண்டா என்ற சிறிய ஊரில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். பையனுக்கு நாலு வயசாகும்போதே காலமாகிவிட்டார். தாயார் ஒரு பாதிரியாரை மறுமணம் செய்துகொண்டார். சில வருஷங்களில் அவரும் போய்விட்டார். பிறகு தாய்மாமன் வீடு. அங்கே மாமன் பிள்ளைகளோடு ஒத்துப்போகவில்லை. பள்ளிக்கூடப் படிப்புக்கு நடுவில் ஒரு பண்ணை வீட்டில் டியூஷன் வாத்தியாராக இருந்தார். அங்கேதான் பூச்சிகளையும் செடிகளையும் சேகரிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. நம்மில் பலபேர் முதல் தலைமுறையாகக் காலேஜ் படி ஏறியவர்கள். ஒண்டி வளர்வது என்றால் என்ன என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1796-இல் உப்சலா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். கெமிஸ்ட்ரி பேராசிரியர் அஃப்சேலியஸ் மாணவர்களை லேபுக்குள் அடிக்கடி விடுகிற ஆசாமி இல்லை. பெர்சீலியஸ் லேப் காவலாளிக்கு ஏதோ கொடுத்துச் சரிக்கட்டி, பின் வாசல் வழியாக உள்ளே போய் வேலை செய்துகொண்டிருந்தாராம். ஒருநாள் பேராசிரியரிடம் வசமாக மாட்டிக்கொண்டார். அவர் விரட்டவில்லை, இனிமேல் முன் வாசல் வழியாகவே வரலாம் என்று சொல்லிவிட்டார். இதைப் பிற்காலத்தில் பெர்சீலியஸே தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இடைப்பட்ட நாட்களில் வாட்ஸ்டேனா என்ற ஊரில் ஒரு இத்தாலியக் கண்ணாடித் தொழிலாளியிடம் குழாய் ஊதி வளைக்கக் கற்றுக்கொண்டார். பின்னாளில் தனக்கு வேண்டிய கருவிகளில் பலவற்றைத் தானே செய்துகொள்ள அந்தக் கைவித்தைதான் உதவியது.

1802-இல் மருத்துவப் பட்டம். நோயாளிகள்மீது மின்சாரம் பாய்ச்சினால் குணம் கிடைக்குமா என்பதுதான் ஆராய்ச்சிப் பொருள். அப்போது வோல்ட்டாவின் மின்கலம் வந்து இரண்டே வருஷம் ஆகியிருந்தது. பிறகு ஸ்டாக்ஹோமுக்கு வந்து, ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் சின்னச் சம்பள வேலை. ஹிசிங்கர் என்ற சுரங்க முதலாளி வீட்டில் இடம் கிடைத்தது. இருவரும் சேர்ந்து 1803-இல் சீரியம் என்ற தனிமத்தைக் கண்டார்கள். அதே சமயத்தில் ஜெர்மனியில் கிளாப்ராத்தும் தனியாகக் கண்டார். நடுவில், செயற்கை மினரல் வாட்டர் வியாபாரத்தில் ஒரு கூட்டாளியோடு இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டார். அந்தக் கடன் தீரப் பல வருஷம் ஆயிற்று. சோடா வியாபாரத்தில் நொடித்துப்போன ஆள்தான் பிற்பாடு ஐரோப்பாவுக்கே கெமிஸ்ட்ரி வாத்தியார் ஆனார் என்பதைக் கடன் வாங்கிப் படிக்கும் இன்றைய மாணவர்கள் கொஞ்சம் கவனிக்கலாம்.

1807-இல் ஸ்டாக்ஹோமில் மருத்துவ மாணவர்களுக்குப் பேராசிரியர் ஆனார். அந்தப் பள்ளிதான் 1810-இல் கரோலின்ஸ்கா நிறுவனமாக மாறியது. பாடம் நடத்த நல்ல புத்தகம் இல்லை என்று தானே எழுத உட்கார்ந்தார். முதல் பாகம் 1808-இல் வந்தது. பொருள்கள் எந்த விகிதத்தில் சேர்கின்றன என்ற கேள்வி அப்போதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. டால்டன் அணுக் கொள்கையைச் சொல்லிவிட்டார். ஆனால் எடைகள் சுத்தமாக இல்லை. பெர்சீலியஸ் தராசை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏறக்குறைய பத்து வருஷத்தில் சுமார் 2000 சேர்மங்களைப் பகுத்துப் பார்த்தார். 1826-இல் அவர் வெளியிட்ட அணு எடைகளை நம் கணக்குக்கு மாற்றினால், கந்தகம் 32.18, ஈயம் 207.12 என்று வரும். இன்று நம் புத்தகத்தில் இருப்பது 32.06, 207.2. எலக்ட்ரானிக் பேலன்ஸில் நாலு தசம ஸ்தானம் பார்த்துப் பழகியவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

அந்த லேப் எப்படி இருந்தது தெரியுமா? 1823-இல் ஜெர்மனியிலிருந்து வந்த வோலர் (யூரியா வோலர்தான்) பார்த்து எழுதி வைத்திருக்கிறார். வீட்டோடு ஒட்டிய இரண்டு சாதாரண அறைகள். உலைக்களம் கிடையாது, புகைபோக்கி அலமாரி கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. பக்கத்தில் சமையலறை, அங்கே அன்னா என்ற அம்மாள் சமைத்துக்கொண்டிருப்பார், அதே அறையில் ஒரு சின்ன அடுப்பில் மணல் தட்டும் சூடாகிக்கொண்டிருக்கும்.

அன்னா சுண்ட்ஸ்ட்ரோம் என்ற இந்த அம்மாளைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். 1808-இலிருந்து 1836 வரை அவர்தான் வீட்டையும் லேபையும் பார்த்துக்கொண்டார். எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது, எந்த அமிலம் எதில் இருந்தது என்பதெல்லாம் அத்துப்படி. வந்து சேர்ந்த மாணவர்களுக்குப் பாத்திரம் கழுவுவதிலிருந்து பாடம் சொல்லிக்கொடுத்ததும் அவரே. ஒருநாள் பாத்திரத்தில் ஆக்சிஜனேறிய மியூரியாட்டிக் அமில வாடை அடிக்கிறது என்றாராம். இனி அப்படிச் சொல்லாதே, குளோரின் என்று சொல், அதுதான் சரி என்றாராம் பெர்சீலியஸ். குளோரின் ஒரு சேர்மம், அதில் ஆக்சிஜன் இருக்கிறது என்று வருஷக்கணக்காகப் பிடிவாதமாக வாதாடியவர் அவர். அதைக் கைவிட்ட சேதி முதலில் போய்ச் சேர்ந்தது அடுப்பங்கரைக்குத்தான்.

இந்த வீட்டிலிருந்துதான் 1817-இல் செலீனியம் வந்தது. கிரிப்ஸ்ஹோமில் அவருக்குப் பங்கு இருந்த கந்தக அமிலத் தொழிற்சாலையில், ஈய அறையின் அடியில் தங்கிய சிவப்புக் கசடை முதலில் டெல்லூரியம் என்று நினைத்தார். திரும்பப் பார்த்தபோது புதுத் தனிமம். சிலிக்கானைப் பிரித்தது 1824-இல். தோரியம் 1828-இல். தனிமங்களுக்கு லத்தீன் பெயரின் முதல் எழுத்தைக் குறியீடாக வைக்கலாம் என்று 1813-14-இல் சொன்னவரும் இவரே. இரும்புக்கு ஃபெரம், அதனால் எஃப்.இ.; தங்கத்துக்கு ஆரம், அதனால் ஏ.யு. ஏழாங்கிளாஸில் சோடியத்துக்கு ஏன் என்.ஏ. என்று கேட்டு நாம் வாங்கிய திட்டுக்கெல்லாம் மூலகாரணம் இவர்தான்.

இனி அந்த மஞ்சளுக்கு வருகிறேன். 1820-களின் நடுவில் பெர்சீலியஸ் மாலிப்டினத்தை எடுத்துக்கொண்டு அதன் ஆக்சைடுகளையும் உப்புகளையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்பாரிக் அமிலமும் அம்மோனியம் மாலிப்டேட்டும் சேர்ந்தபோது மஞ்சள் படிவு வந்தது. எழுதி வைத்தார், அடுத்த வேலைக்குப் போனார். ஒரு பாஸ்பரஸுக்குப் பன்னிரண்டு மாலிப்டினம் என்ற கணக்கு பின்னால்தான் தெளிவாயிற்று. அணுக்கள் ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று என்று எளிய விகிதத்தில் சேர்வதை உலகுக்கே நிறுத்துக் காட்டிய கையில், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விசித்திரம் வந்து விழுந்திருக்கிறது!

வினையூக்கத்தின் கதை வேறு மாதிரி. 1818-இலிருந்து அவர் ஸ்வீடன் அறிவியல் அகாதமியின் செயலாளர். 1821 முதல் வருஷத்துக்கு ஒரு தடவை, அந்த ஆண்டு உலகத்தில் நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் படித்து மதிப்பிட்டு ஒரு அறிக்கை எழுதுவார். சாகும் வரை எழுதினார். ஐரோப்பாவில் எந்த கெமிஸ்ட்டும் அந்த அறிக்கைக்கு நடுங்கினான் என்று சொன்னால் மிகையில்லை. அப்படி ஊர்ப்பட்டதைப் படித்ததால்தான் யாருக்கும் தெரியாத ஒரு ஒற்றுமை அவர் கண்ணில் பட்டது. ரஷ்யாவில் கிர்ச்சாஃப் நீர்த்த அமிலத்தில் கொதிக்கவிட்டு ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக்கினார். அமிலம் அப்படியே மிஞ்சியது. பாரிஸில் தெனார் ஹைட்ரஜன் பெராக்சைடை உலோகங்களும் ஆக்சைடுகளும் உடைப்பதைக் கண்டார். அயர்லாந்தில் எட்மண்ட் டேவியும், ஜெர்மனியில் யேனாவில் டோபரைனரும், பிளாட்டினத் தூளை வைத்து ஆல்கஹாலை அசெட்டிக் அமிலமாக்கினார்கள். பிளாட்டினத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. 1833-இல் பிரான்சில் மால்ட்டிலிருந்து டயஸ்டேஸைப் பிரித்தார்கள். மித்செர்லிக் ஆல்கஹாலை ஈதராக்குவதை ஆராய்ந்தார்.

இவையெல்லாம் ஒரே குடும்பம் என்று 1835-இல் அகாதமியிடம் கொடுத்த அறிக்கையில் பெர்சீலியஸ் சொன்னார். தான் மாறாமல், அருகில் இருப்பதாலேயே மற்றப் பொருள்களுக்குள் தூங்கும் நாட்டத்தை எழுப்பிவிடும் சக்தி. அதற்குக் கிரேக்கத்தில் அவிழ்த்தல் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து கேட்டலிசிஸ் என்று பெயர். அது எப்படி வேலை செய்கிறது என்று அவர் சொல்லவில்லை. மின்சார இயல்போடு தொடர்பு இருக்கலாம் என்று ஊகித்தார். செடிகளுக்கும் பிராணிகளுக்கும் உள்ளே இப்படி ஆயிரக்கணக்கான நிகழ்ச்சிகள் நடக்கலாம் என்றும் எழுதினார். என்சைம் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. லீபிக் இதை ஏற்கவில்லை. தெரியாத விஷயத்துக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டால் தேடுவதை நிறுத்திவிடுவார்கள் என்பது அவர் கட்சி. அந்தப் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பெயர் இல்லாத பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது? தொண்ணூறுகளில் ஆஸ்ட்வால்டு வந்து வேகம், சமநிலை என்று கணக்கோடு விளக்குவதற்கு அந்தச் சொல் அறுபது வருஷம் காத்திருந்தது. ஆஸ்ட்வால்டுக்கு அதற்காக 1909-இல் நோபல் பரிசு.

அந்த 1835 டிசம்பரில்தான் கல்யாணமும். மாப்பிள்ளைக்கு 56 வயசு, பெண் எலிசபெத் போப்பியஸுக்கு 24. கல்யாணப் பரிசாக மன்னர் பதினான்காம் கார்ல் யோஹான் அவரைப் பிரபுவாக்கினார். அடுத்த வருஷம் அன்னா அம்மாள் வேலையை விட்டுப் போய்விட்டார். இருபத்தெட்டு வருஷம்! அவர் கழுவி வைத்த பாத்திரங்களில்தான் அணு எடைகள் பிறந்தன என்பது என் எண்ணம்.

கல்யாணத்துக்குப் பின் வந்த வருஷங்கள் அவ்வளவு நன்றாக இல்லை. சேர்மம் எல்லாமே நேர்மின், எதிர்மின் என்று இரண்டு பாதி ஒட்டியது என்பது அவர் கொள்கை. உப்புகளுக்கு அது அழகாகப் பொருந்தியது. பிரான்சில் டுமாஸ் அசெட்டிக் அமிலத்தில் ஹைட்ரஜன் இருந்த இடத்தில் குளோரினை உட்கார வைத்துக் காட்டினார். குணம் அதிகம் மாறவில்லை. நேர்மின் இடத்தில் எதிர்மின் எப்படி உட்காரும்? பெர்சீலியஸ் ஒப்புக்கொள்ளவில்லை. சூத்திரத்துக்கு மேல் சூத்திரமாக ஒட்டுப்போட்டார். அறிக்கைகளில் இளைஞர்களைக் கடுமையாக விமர்சித்தார். பழைய நண்பர் லீபிக்கும் பிரிந்தார். வோலர் ஒருவர்தான் கடைசிவரை கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். குளோரின் விஷயத்தில் ஒரு காலத்தில் தன் கட்சியையே மாற்றிக்கொண்டவர், வயசான பிறகு அதே குளோரினிடம் அசையாமல் நின்றது எனக்கு இன்றும் வருத்தம் தரும் சங்கதி. 1848 ஆகஸ்ட் 7-ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் காலமானார். பக்கத்தில் சோல்னா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அதே வருஷம்தான் ஸ்வான்பெர்க், ஸ்ட்ரூவே என்ற இருவர் அந்த மஞ்சள் படிவைப் பாஸ்பேட் கண்டுபிடிக்கப் பயன்படுத்தி எழுதினார்கள். நம் லேப் அலமாரிக்கு அது வந்து சேர்ந்த வழி அது.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய இன்னும் 85 வருஷம் ஆயிற்று. 1933-இல் மான்செஸ்டரில் கெக்கின் என்பவர் எக்ஸ்-கதிர் கொண்டு டங்ஸ்டன் வகையைப் பார்த்தார். மாலிப்டினம் வகைக்கும் அதே அமைப்புதான். நடுவில் ஒரு பாஸ்பரஸ். சுற்றிலும் மும்மூன்றாக நாலு கூட்டம், ஆகப் பன்னிரண்டு உலோக அணுக்கள். எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருக்கும் 40 ஆக்சிஜன்கள். சுமார் ஒரு நானோமீட்டர் அகலமுள்ள பந்து. இதில் எந்தப் பாதி நேர்மின், எந்தப் பாதி எதிர்மின் என்று வெட்ட முடியாது. பெர்சீலியஸின் கொள்கைக்குப் பதில் அவருடைய புட்டியிலேயே இருந்திருக்கிறது.

சரி, இதை வைத்து ஆல்கஹாலை என்ன செய்வது? ஆல்கஹால் ஆக்சிஜனேறினால் முதலில் ஆல்டிஹைடு, பிறகு அமிலம், விட்டால் கடைசியில் கரியமில வாயு. நமக்கு வேண்டியது பெரும்பாலும் நடு ஸ்டாப். பென்சைல் ஆல்கஹாலிலிருந்து பாதாம் வாசனையுள்ள பென்சால்டிஹைடு வேண்டுமென்றால் அங்கேயே இறக்கிவிட வேண்டும். பென்சாயிக் அமிலம் வரை போய்விட்டால் வாசனையும் போச்சு, காசும் போச்சு. நாம் படித்த காலத்தில் இதற்கு டைகுரோமேட்டும் பெர்மாங்கனேட்டும்தான். பச்சையாக மாறிய கரைசலைத் தொட்டியில் கொட்டிவிட்டு டிபன் சாப்பிடப் போவோம். ஆறிணைதிறக் குரோமியம் என்ன செய்யும் என்பதை ராணிப்பேட்டையில் குரோமேட் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த பிறகு தமிழ்நாடே தெரிந்துகொண்டது.

இங்கேதான் மஞ்சளின் குடும்பம் வருகிறது. மாலிப்டினக் கொத்து ஆல்கஹாலிலிருந்து எலக்ட்ரானையும் ஹைட்ரஜனையும் வாங்கிக்கொள்ளும். கூடு உடையாது, நிறம் மட்டும் நீலமாகும். பிறகு ஆக்சிஜன் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். மிஞ்சுவது தண்ணீர். பன்னிரண்டில் இரண்டு மாலிப்டினத்துக்குப் பதில் வனேடியத்தை வைத்தால் இந்த வாங்கல் கொடுக்கல் சுலபமாகிறது. பென்சைல் ஆல்கஹால் போன்றவை ஆக்சிஜனைக் கொண்டே ஆல்டிஹைடாகின்றன. வனேடியமும் பெர்சீலியஸ் வீட்டுச் சரக்குதான். 1830-இல் அவர் சீடர் செஃப்ஸ்ட்ரோம் கண்டது. வோலர் கையில் அதற்கு முன்பே இருந்தது, கவனிக்காமல் விட்டார். வடக்கே வசித்த வனாடிஸ் தேவதையின் கதவை யாரோ ஒரு தடவை தட்டிவிட்டுப் போனதாகவும், ஜன்னல் வழியே பார்த்தால் அது வோலர் என்றும், விடாமல் தட்டிய செஃப்ஸ்ட்ரோமுக்கே கதவு திறந்தது என்றும் ஒரு கதை கட்டி பெர்சீலியஸ் அவருக்குக் கடிதம் போட்டார். கண்டிப்பான மனுஷனுக்குள் இப்படி ஒரு குறும்பும் இருந்தது.

டங்ஸ்டன் கொத்துகளோடு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்து ஆல்கஹால்களைக் கீட்டோனாக்கும் முறையை ஜப்பானில் இஷியீ குழுவினர் 1988-இல் வெளியிட்டார்கள். மாலிப்டினக் கொத்தைக் கொண்டு மெதக்ரோலீனை மெதக்ரிலிக் அமிலமாக்கும் ஆலையும் 1982-இலிருந்து ஜப்பானில் ஓடியது. அது ஆல்கஹால் இல்லை, ஆல்டிஹைடு, ஆனாலும் அதே நடு ஸ்டாப் வித்தைதான்.

இப்போது எம்.எஸ்ஸி. பிராஜெக்ட்டுக்கு பாஸ்போடங்ஸ்டிக் அமிலம் எடுத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. பெராக்சைடு விட்டதும் அந்த அழகான பன்னிரண்டு பந்து அப்படியே நிற்பதில்லை. உடைந்து, ஒரு பாஸ்பேட்டைச் சுற்றி நாலு டங்ஸ்டன் உள்ள சிறிய பெராக்சோ துண்டுகளாகிறது. அதன் அமைப்பை இத்தாலியில் வென்டுரெல்லோ 1985-இல் காட்டினார். பாட்டில் லேபிளில் இருப்பது ஒன்று, ஃபிளாஸ்கில் உழைப்பது இன்னொன்று. அதனால் பெராக்சைடு விடுவதற்கு முன்பும் பின்பும் ஒரு பாஸ்பரஸ் என்.எம்.ஆர். எடுத்து ரிக்கார்டில் ஒட்டி வையுங்கள். வைவாவுக்கு வரும் வெளித் தேர்வாளர் முதலில் அதைத்தான் கேட்பார்.